எண்ணப்படாத ஆண்டுகள்

2011 பிப்ரவரி 28ஆம் நாள் இரவு. நாடெங்கும் நகரங்களின் நடைபாதைகளிலும் மேம்பாலங்களின் அடியிலும் ரயில் நிலைய வாயில்களிலும் உறங்கிக்கொண்டிருந்தோரைத் தேடி, கையில் படிவங்களுடன் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நடந்தனர். வீடற்றோரை எண்ணுவதற்கென ஒதுக்கப்பட்ட இரவு அது. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் வீடு வீடாகச் சென்று ஏனையோரை எழுதி முடித்திருந்தார்கள். மார்ச் 1 பிறந்த கணத்தில் இந்த நாட்டில் உயிரோடிருந்தவர் எத்தனை பேர் என்பதே அவர்கள் விடை காண வேண்டிய கேள்வி. ஆகவே மார்ச் மாதத்தின் முதல் ஐந்து நாட்களில் மீண்டும் ஒரு சுற்று வந்தார்கள். இடையில் பிறந்திருந்த குழந்தையைச் சேர்த்தார்கள்; இடையில் மறைந்துவிட்ட முதியவரின் பெயரை நீக்கினார்கள். சுமார் 27 லட்சம் ஊழியர்களின் உழைப்பில் 121 கோடி மக்கள் எண்ணப்பட்டனர். கூரையற்று வாழ்வோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்பதும் அந்தப் பணியின் வழியாகவே தெரியவந்தது.

அந்த நள்ளிரவை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு, இப்போது பிறந்திருக்கும் 2026ஆம் ஆண்டில் பதினைந்து வயது நிறைகிறது. பணமதிப்பு நீக்கத்தின்போது அதற்கு ஐந்து வயது. தாயின் இடுப்பில் அமர்ந்து வங்கி வரிசையில் நின்றிருக்கும். பொதுமுடக்கத்தின்போது ஒன்பது வயது; பள்ளியை இழந்திருக்கும், ஒருவேளை தந்தையின் தோளில் அமர்ந்து நெடுஞ்சாலைகளைக் கடந்திருக்கும். அரசு அறிவித்தபடி அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறுமானால், அப்போது அதற்குப் பதினாறு வயது. வாக்குரிமைக்கு இன்னும் இரண்டே ஆண்டுகள். அரசின் ஏட்டில் மட்டும் அக்குழந்தை இன்னும் தொட்டிலில் கிடக்கிறது.

ஆண்டுகள் கடந்துபோவதைப் பற்றிப் புத்தாண்டு வேளையில் எல்லோரும் பேசுகிறார்கள். கடந்துபோன ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதை ஒரு நாடு அறிந்துகொள்ளவே மறுத்தால், அதைப் பற்றி யார் பேசுவது?

ஒரு சொல்லின் இரு பொருள்

தமிழில் 'எண்ணுதல்' என்னும் ஒரே வினை, கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் சேர்த்தே குறிக்கிறது. எண்ணிப் பார்த்தான் என்றால் காசை எண்ணினான் என்றும் கொள்ளலாம். யோசித்தான் என்றும் கொள்ளலாம். 'மதிப்பு' என்ற சொல்லும் அவ்வாறே அளவையும் மரியாதையையும் ஒருங்கே சுட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குடிசன மதிப்பீடு என்று இலங்கைத் தமிழர் வழங்குவர். எண்ணப்படாதவரைப் பற்றி யாரும் எண்ணுவதில்லை. அளக்கப்படாத துயருக்கு அரசவையில் மதிப்பில்லை. மொழி நெடுங்காலமாக அறிந்து வைத்திருந்த இந்த உண்மையை, கடந்த பதினைந்து ஆண்டுகளின் அரசியல் மீண்டும் மெய்ப்பித்திருக்கிறது.

இந்தியாவில் முதல் கணக்கெடுப்பு 1872இல் பகுதி பகுதியாக நடந்தது. 1881 முதல் நாடு முழுவதும் ஒரே காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்தது. அதைத் தொடங்கியவர்கள் வெள்ளை ஆட்சியாளர்கள். வரி வாங்கவும் ஆளவும் பிரித்து வைக்கவும் அவர்களுக்கு அது தேவைப்பட்டது. இருந்தும் இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1941இல்கூட அட்டவணைகளைச் சுருக்கிக்கொண்டார்களே தவிர, எடுப்பதை நிறுத்தவில்லை. விடுதலைக்குப் பின், பிரிவினையின் காயம் ஆறாத 1951இலும் அகதிகள் உட்பட மக்கள் எண்ணப்பட்டனர். 1971இல் இடைத்தேர்தல் அல்ல, மக்களவைக்கே முன்கூட்டிய தேர்தல் வந்தது. கணக்கெடுப்பு நாள் மார்ச் 1இலிருந்து ஏப்ரல் 1க்கு ஒரே ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. 1981இல் அசாமிலும் 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் எடுக்க இயலாமற்போனது உண்டு. எனினும் நாடு முழுவதற்கும் ஒரு பத்தாண்டு தவறியது 2021இல்தான்.

கொரோனா பெருந்தொற்று காரணமாகக் காட்டப்பட்டது. 2020இலும் 2021இலும் அக்காரணத்தை யாரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் அதே தொற்றின் நடுவே 2020 இறுதியில் பீகாரிலும் 2021இல் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலும் சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. சீனா 2020 நவம்பரில் தன் மக்களை எண்ணி முடித்தது. நேபாளம் 2021இலும் வங்கதேசம் 2022இலும் பாகிஸ்தான் 2023இலும் கணக்கெடுத்தன. பொருளாதாரம் நிலைகுலைந்து கிடந்த இலங்கையும் 2024இல் எடுத்தது. இந்த அண்டை நாடுகள் செய்து முடித்ததைச் செய்ய இயலாத அளவுக்கு இந்தியாவில் தொற்று நீடித்ததா என்ற கேள்விக்கு ஒன்றிய அரசிடம் இதுவரை நேரான விடையில்லை. நிர்வாக எல்லைகளை மாற்றக்கூடாது என்னும் உத்தரவின் காலக்கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டித்ததே விடையாக இருந்தது.

பசியின் கணக்கு

கணக்கெடுப்பு தவறினால் யாருக்கு இழப்பு? ஆய்வாளர்களுக்கு மட்டும் என்று நினைப்போர் உண்டு. நியாயவிலைக் கடையின் வாயிலில் நின்று பார்த்தால் உண்மை விளங்கும்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 சதவீதம் வரையிலும் நகர்ப்புற மக்களில் 50 சதவீதம் வரையிலும் மானிய விலைத் தானியம் பெறும் உரிமையை வழங்கியது. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள். அந்தப் பங்கு எந்த மக்கள்தொகையில் கணக்கிடப்படுகிறது? 2011இன் தொகையில். ஆகவேதான் அதன் உச்சவரம்பு இன்றும் ஏறத்தாழ 81 கோடியில் நிற்கிறது. மக்கள்தொகை 140 கோடியைக் கடந்துவிட்டது என்பதை உலகமே ஏற்றுக்கொண்டபின், இந்திய அரசின் தானியக் கிடங்கு மட்டும் அதை ஏற்க மறுக்கிறது. இந்தப் பழைய எண்ணால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2020லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தும் ரேஷன் அட்டை இல்லாத 8 கோடித் தொழிலாளர்களுக்கு அட்டை வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. உச்சவரம்பு நிரம்பிவிட்டது என்ற பதிலே அங்கும் குறுக்கே நின்றது.

ஒரு குடும்பத்தில் 2012க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அட்டையில் இடம் கிடைக்க வேண்டுமானால், அதே மாநிலத்தில் வேறு யாரோ ஒருவர் இறந்தோ நீக்கப்பட்டோ இடம் காலியாக வேண்டும் என்ற நிலை பல மாநிலங்களில் இருக்கிறது. இதனை உரிமை என்று அழைப்பது கடினம். நாடாளுமன்றத்தில் எந்தத் திருத்தமும் கொண்டுவராமல், யாரும் வாக்களிக்காமல், வெறுமனே எண்ணாமல் விட்டதன் மூலமே உணவு உரிமை ஆண்டுதோறும் சுருக்கப்படுகிறது.

மறைக்கப்பட்ட எண்களும் இல்லாத எண்களும்

கணக்கெடுப்பு தவறியதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அலட்சியம் என்று தோன்றும். ஏனைய எண்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படும்.

2017-18ஆம் ஆண்டின் வேலையின்மை விகிதம் 6.1 சதவீதம் என்று தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் கண்டறிந்தது. அந்த அறிக்கை உரிய காலத்தில் வெளியிடப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டதால், தேசிய புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் பதவி விலகினர். மக்களவைத் தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பொறுப்பேற்ற மறுநாள், மே 31 அன்று அறிக்கை வெளிவந்தது. அதே 2017-18இன் நுகர்வுச் செலவு ஆய்வு, தரம் போதவில்லை என்று கூறி முற்றிலும் கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் பி.சி. மகலனோபிஸ் போன்றோர் உருவாக்கிய மாதிரி ஆய்வு முறையை உலக நாடுகள் வியந்து கற்றன. அந்தப் பெருமைக்குரிய அமைப்பு, ஆட்சியாளரின் முகம் பார்த்து எண் சொல்ல வேண்டிய இடத்துக்குத் தள்ளப்பட்டது.

எண்ணே எடுக்கப்படாத துயரங்களும் உண்டு. பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். விவரம் இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. தில்லி எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்து போராடிய விவசாயிகளில் உயிர்நீத்தோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 2021 இறுதியில் வேளாண் அமைச்சகமும் அதே பதிலைத்தான் தந்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் கூறியது.

2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் பெருந்தொற்றின் விளைவாக 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டபோது அரசு சினந்து மறுத்தது. அரசின் கணக்கில் அது ஐந்து லட்சத்துக்கும் குறைவு. பின்னர் 2025 மே மாதம் அரசின் சொந்தக் குடிமைப் பதிவு அறிக்கையே வெளிவந்தது. 2021இல் பதிவான இறப்புகள் சுமார் 1.02 கோடி, அதற்கு முந்தைய ஆண்டில் பதிவானவை சுமார் 81 லட்சம். கூடுதலான 21 லட்சமும் தொற்றினால் நேர்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. பதிவு செய்வோர் தொகையும் ஆண்டுதோறும் உயர்ந்துவருகிறது. ஆயினும் கங்கைக் கரை மணலில் புதைக்கப்பட்டோரை நாடு கண்ணால் கண்ட ஆண்டு அது. கண்டதை நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ஏடு ஒப்புக்கொண்டது.

எண்ணத் தயங்கிய கை, நீக்க விரைந்த கை

பதினான்கு ஆண்டுகளாக மக்களை எண்ண நேரம் கிடைக்காத நாட்டில், மக்களின் வாக்குரிமையைச் சரிபார்க்க ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. இது 2025ஆம் ஆண்டின் அனுபவம்.

பீகாரில் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, ஜூன் இறுதியில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தம் அறிவிக்கப்பட்டது. ஒரே மாதத்தில் படிவங்கள் பெறப்பட்டு, வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லாமற்போயின. நீக்கப்பட்டோர் பட்டியலைக் காரணங்களுடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரே அது வெளிவந்தது. அடுத்த கட்டமாகத் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் இத்திருத்தம் விரிந்தது. தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் அதிகமானவை, முகவரியில் இல்லாதோர், இடம்பெயர்ந்தோர் என்ற வகையில் அடங்குபவை.

தேர்தல் ஆணையம் வேறு, கணக்கெடுப்புத் துறை வேறு என்பது சரிதான். இறந்தோரின் பெயரும் இரட்டைப் பதிவும் நீக்கப்பட வேண்டியவை என்பதும் சரிதான். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. கணக்கெடுப்பில் அரசின் ஊழியர் மக்களைத் தேடி வருகிறார். நடைபாதையில் படுத்திருப்பவரிடமும் சான்று கேட்பதில்லை. அவர் இருக்கிறார் என்பதே போதுமானது. தீவிரத் திருத்தத்திலோ, தான் இருப்பதை நிறுவும் பொறுப்பு குடிமகன் மேல் சுமத்தப்படுகிறது. திருப்பூரில் தறியோட்டும் ஒடிசா இளைஞனும், திருமணத்தால் ஊர் மாறிய பெண்ணும், ஆண்டில் பாதி நாட்கள் செங்கல் சூளையில் கழிக்கும் தலித் குடும்பமும் எந்த முகவரியில் இருந்து எதை நிறுவுவார்கள்? 2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் உள்நாட்டுப் புலம்பெயர்ந்தோர் 45 கோடிப் பேர். இடம்பெயர்தல் விதிவிலக்காக இருக்கும் நாடு அல்ல இது. வேலைக்காக ஊரை விட்டு விரட்டும் பொருளாதாரமே, ஊரில் இல்லை என்பதற்காகப் பெயரையும் பறிக்கிறது.

கடந்த டிசம்பரில் மற்றொன்றும் நடந்தது. 2005இல் இடதுசாரிகளின் அழுத்தத்தோடு நிறைவேறி, 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கிய ஊரக வேலை உறுதிச் சட்டம், இருபதாண்டு நிறைவை எட்டும் வேளையில் புதிய சட்டத்தால் அகற்றப்பட்டது. நூறு நாட்கள் 125 ஆகியிருக்கின்றன என்று விளம்பரம் செய்யப்படுகிறது. பழைய சட்டத்தின் உயிர், வேலை கேட்டவரை எண்ணி அதற்கேற்பப் பணம் தர வேண்டும் என்பதில் இருந்தது. புதிய சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்பதை ஒன்றிய அரசே முன்கூட்டி வகுத்துவிடும். பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். நூறு நாட்கள் என்றிருந்தபோதே சராசரியாக ஐம்பது நாட்களை ஒட்டித்தான் வேலை கிடைத்துவந்தது. இனி பணத்தை முதலில் எண்ணி, அதற்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் ஆட்களை எண்ணுவார்கள்.

வரவிருக்கும் படிவம்

இந்தப் பின்னணியில்தான் 2027 கணக்கெடுப்பு வருகிறது. 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையே வீட்டுப்பட்டியல் பணியும், 2027 பிப்ரவரியில் மக்கள் கணக்கெடுப்பும் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசிச் செயலி வழியாகத் தகவல் திரட்டப்படும். 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படும்.

சாதிக் கணக்கெடுப்பை இதே அரசு 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நிர்வாக ரீதியாக இயலாதது என்று உச்ச நீதிமன்றத்தில் கூறியது. 2025 ஏப்ரல் 30 அன்று ஏற்றுக்கொண்டது. இடையில் நிகழ்ந்தது பீகாரின் கணக்கு. 2023 அக்டோபர் 2 அன்று வெளியான அம்மாநிலத்தின் ஆய்வு, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 27 சதவீதம், பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 சதவீதம் என்று காட்டியது. அதன்பின் இந்தக் கோரிக்கையைத் தள்ளிவைக்க முடியவில்லை. மக்களை வர்க்கமாகத் திரட்டும் வேலைக்குச் சாதியை எண்ணுவது தடையாகுமோ என்னும் தயக்கம் முற்போக்காளர் சிலரிடமும் ஒரு காலத்தில் இருந்தது உண்டு. எண்ணாததால் சாதி மறைந்துவிடவில்லை. நிலமும் பதவியும் யாரிடம் குவிந்திருக்கின்றன என்பது மட்டுமே மறைந்திருந்தது. ஆகவே சாதியின் தொகையோடு நிலவுடைமை, கல்வி, தொழில் ஆகியவற்றையும் இணைத்து வெளியிட வேண்டும் என்பதே இனிக் கேட்க வேண்டிய கோரிக்கை. 2011இல் எடுக்கப்பட்ட சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்கள் இன்றுவரை வெளியிடப்படவில்லை என்பது மறக்கத்தக்கதன்று.

பெண்களின் உழைப்பு இன்னொன்று. குடும்ப நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றி உழைப்பதும் வேலையே என்று கேள்வியில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது 1991இல்தான். வீட்டு வேலை இன்னும் வேலை செய்யாதோர் என்ற பத்தியில்தான் விழுகிறது. 2024ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்தவரை ஒன்றும் செய்யாதவர் என்று எழுதும் படிவம் திருத்தப்பட வேண்டியது. "சும்மாதான் இருக்கேன்" என்று பெண்களே சொல்லிவிடும் வழக்கமும் திருத்தப்பட வேண்டியது.

மூன்றாவது மொழி. 2011இல் இந்தி பேசுவோர் 52.8 கோடி, 43.6 சதவீதம் என்று வெளியான எண்ணை வைத்தே பல வாதங்கள் எழுப்பப்படுகின்றன. அந்தத் தொகைக்குள் 5 கோடிக்கு மேற்பட்ட போஜ்புரி மக்களும் இரண்டரைக் கோடி ராஜஸ்தானி மக்களும், மககி, சத்தீஸ்கரி போன்ற தாய்மொழிகளைக் கூறிய கோடிக்கணக்கானோரும் அடக்கம். இந்தி என்றே தாய்மொழியைச் சொன்னோர் சுமார் 32 கோடி. தாராவியிலும் மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும் பெங்களூரின் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர்கள், கணக்கெடுப்பாளர் எதை எழுதுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டிய பத்தி இது. போஜ்புரிக்காரர் தம் மொழியைத் தம் மொழியாகவே பதிவு செய்யும் உரிமைக்கும் தமிழர் குரல் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கையும் நாற்காலிகளும்

காலதாமதத்தால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்விக்கு ஒரு விடை தொகுதி மறுவரையறையில் இருக்கிறது. 1976இல் 42ஆவது திருத்தம் மக்களவை இடங்களின் மாநிலவாரிப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் உறையச் செய்தது. 84ஆவது திருத்தம் அதை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2021இல் எடுத்திருந்தால் அது இந்த வரம்புக்குள் வந்திருக்காது. அடுத்த கணக்கெடுப்பான 2031 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். ஆறு ஆண்டுத் தாமதம் அந்தக் கோட்டைக் கச்சிதமாகத் தாண்டி நிற்கிறது. இது திட்டமா, தற்செயலா என்பதை வரலாறு தீர்மானிக்கட்டும். கல்வியிலும் மருத்துவத்திலும் முதலிட்டு மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய கேரளமும் தமிழ்நாடும் அதற்காகவே குரல் இழக்கக்கூடாது என்ற கோரிக்கை நியாயமானது. விகிதாசாரப்படி ஓர் இடமும் குறையாது என்று உள்துறை அமைச்சர் 2025 பிப்ரவரியில் கோவையில் வாய்மொழியாகச் சொன்னார். எந்த விகிதம் என்பதைச் சட்டத்தில் எழுதும்வரை அது மேடைப் பேச்சாகவே இருக்கும்.

பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடும் இதே சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறது. 1996இல் முதன்முதலாக அந்த மசோதா வந்தபோது, அதை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தோழர் கீதா முகர்ஜி. அது நிறைவேறுவதைக் காணாமலே 2000இல் மறைந்தார். 2023இல் 106ஆவது திருத்தமாக அது நிறைவேறியபோது, கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும் என்ற பூட்டுடன் நிறைவேறியது. 2024இல் மக்களவைக்குத் தேர்வான பெண்கள் 543இல் 74 பேர். முப்பது ஆண்டுகள் கடந்தும், பெண்களுக்கு இடம் உண்டு, நாள் மட்டும் இன்னும் வரவில்லை.

இயக்கத்தின் கணக்கு

எண்ணுதல் ஆள்வோரின் கருவி மட்டுமாக எப்போதும் இருந்ததில்லை. ஆங்கிலேயத் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படித்துத்தான் மார்க்ஸ் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தை எழுதினார். 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களிடம் கேட்பதற்கென ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அவரே தயாரித்தார். சிறையிலும் சைபீரிய நாடுகடத்தலிலும் இருந்தபடி லெனின், உள்ளாட்சி மன்றங்கள் திரட்டிய விவசாயக் குடும்பப் புள்ளிவிவரங்களைப் பகுத்து, ருஷ்யாவில் முதலாளித்துவம் வளர்ந்த விதத்தை 1899இல் நூலாக்கினார். அரசு திரட்டிய எண்களை அரசுக்கு எதிராகவே பேச வைத்த மரபு அது.

அண்மைச் சான்று கேரளம். 2021இல் இடது ஜனநாயக முன்னணி அரசு, உள்ளாட்சிகளையும் குடும்பஸ்ரீ பெண்களையும் கொண்டு, மிகக் கொடிய வறுமையில் இருந்த குடும்பங்களைத் தேடிக் கண்டது. 64,006 குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திட்டம் தீட்டப்பட்டது: ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு அடையாள அட்டை. 2025 நவம்பர் 1 அன்று கொடிய வறுமை ஒழிந்ததாக மாநிலம் அறிவித்தபோது, அளவுகோல் குறித்தும் விடுபட்டோர் குறித்தும் ஆய்வாளர்கள் சிலர் கேள்வி எழுப்பினர். கேள்விகள் வரட்டும், எண் இருக்கும் இடத்தில்தான் கேள்விக்கும் இடமிருக்கிறது. எண்ணே இல்லை என்று கைவிரித்த அரசிடம் எதைச் சரிபார்ப்பது?

ஆகவே வரும் ஓராண்டில் கிளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. தம் பகுதியில் யார் யார் விடுபடக்கூடும் என்ற பட்டியல் முதலில் கிளையிடம் இருக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் கொட்டகைகள், சூளைகள், கட்டுமானத் தளங்கள், நரிக்குறவர் குடியிருப்புகள், திருநர் வாழும் வீடுகள், பாலத்தடிகள் ஆகியவற்றைக் கணக்கெடுப்பாளருக்குக் காட்டித் தர வேண்டும். செயலியைப் பயன்படுத்தத் தெரியாதோருக்கு உதவ வேண்டும். கேள்வியின் பொருளை வங்காளியிலும் ஒடியாவிலும் இந்தியிலும் விளக்கக்கூடிய தோழர்களைக் கண்டறிய வேண்டும். தேசியக் குடிமக்கள் பதிவேடு குறித்த அச்சத்தால் கதவை மூடிக்கொள்ளும் சிறுபான்மை மக்களிடம், 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் இரகசியமானவை என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த இரகசியம் காக்கப்படுகிறதா என்று அரசையும் கண்காணிக்க வேண்டும்.

1971இலும் 1981இலும் கணக்கெடுப்பாளராகத் தெருத் தெருவாக நடந்த ஆசிரியத் தோழர்கள் பலர் இன்று ஓய்வுபெற்று, கிளைக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டின் பின்புறம் இன்னொரு குடும்பம் ஒண்டிக் குடியிருக்கும், எந்த வீட்டில் மருமகளின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், பிறந்து இரண்டு நாளான குழந்தையை எங்கே கேட்டு எழுத வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 2027 பிப்ரவரியில் அந்தத் தெருக்களுக்குச் செல்லப்போகும் இளைய ஊழியர்களில் பெரும்பாலோர் இதற்குமுன் ஒருமுறையும் கணக்கெடுத்திராதவர்கள். மூத்தோர் உடலில் வலுவிருக்கும்போதே இந்த அறிவு கைமாற வேண்டும். அதற்கென ஒரு கூட்டத்தை இந்த ஜனவரியிலேயே கூட்டலாம்.